எடுத்தவையும் விடுத்தவையும்

திருச்சிராப்பள்ளியில், லால்குடிக்கும் முசிறிக்கும் துறையூருக்கும் போகிற பேருந்துகளின் இரைச்சல் ஒரு கணமும் ஓயாத சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி, கல்லூரி மாணவர்களை நம்பிப் பிழைக்கிற ஜெராக்ஸ் கடைகள் பல உண்டு. மார்கழி பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ஒரு பிற்பகலில், அத்தகைய கடையொன்றின் வாசலில், பத்தாண்டுகளுக்கு மேலாகக் கணினியில் நான் எழுதிவந்த சொந்தக் குறிப்பேட்டிலிருந்து பொறுக்கியெடுத்த எழுபது குறிப்புகளை ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு நின்றேன். “ஒரு பக்கமா சார், பேக் டு பேக்கா? ஸ்பைரல் போடணுமா?” என்று கடைப் பையன் கேட்டதற்கு உடனே விடை சொல்லிவிட்டேன். ஆனால் யந்திரத்திலிருந்து முதல் தாள் வெதுவெதுப்பாக வந்து விழுந்த அந்தக் கணத்தில் உள்ளத்தில் எழுந்த வேறொரு கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைக்கவில்லை. தன் பொருட்டே எழுதிக்கொண்ட ஒன்றை மற்றொருவர் கையில் கொடுக்கும்போது, கொடுக்கப்படுவது யாருடையது, அதில் இதை எடுக்கலாம், இதை விடலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் எழுதியவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதே அந்தக் கேள்வி.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது விக்கி என்னும் வகையைச் சேர்ந்தது. விக்கிக்கும் பேருந்துக்கும் ஓர் உறவு உண்டு: 1995ஆம் ஆண்டில் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர், எவரும் திருத்தவும் ஒன்றோடொன்று தொடுக்கவும் இடங்கொடுக்கிற பக்கங்களின் தொகுதி ஒன்றை அமைத்தபோது, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ என்ற பேருந்தின் பெயரை நினைந்து அதற்குப் பெயரிட்டார், ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு என்று பொருள். பலர் கூடி எழுதுகிற அந்தப் பொது மன்றத்தின் முறையை, 2004இல் ஜெரமி ரஸ்டன் என்ற ஆங்கிலேயர் தனியொருவனின் மேசைக்கு இறக்கிவந்து, ஒரே கோப்புக்குள் அடங்குகிற டிட்லிவிக்கியை ஆக்கினார். அதில் எழுதப்படும் ஒவ்வொரு சிறு குறிப்புக்கும் டிட்லர் என்று பெயர். இங்கிலாந்துச் சிறுவர்கள் ஓடைகளில் பிடிக்கிற பொடிமீனுக்கு அங்கே வழங்குகிற பெயர் அது. என் ஏட்டில் அத்தகைய பொடிமீன்கள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவரிடம் நான் கேட்டுவருகிற திருவாய்மொழி உரையாகிய ஈட்டுக் காலட்சேபத்தின் நினைவுகள்; சில, வழியில் கண்டவை; சில, எவரிடமும் சொல்லத் துணியாதவை. பெரியவருக்கு இப்போது கணினித் திரையை நோக்கினால் கண் கூசுகிறது. காகிதத்தையானால் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். “அச்சிலே கொண்டுவா, பார்க்கிறேன்” என்று அவர் சொன்னதுதான் என்னைச் சத்திரத்துக்கு அனுப்பிற்று.

அச்சிடும் உபாயம் சாமானியமானதுதான். வேண்டிய குறிப்புகளின் மேல் ‘அச்சு’ என்றொரு குறிச்சொல்லை ஒட்டிவிட்டு, அக்குறிச்சொல் உள்ளவற்றை மாத்திரம் ஒரு பக்கத்தில் திரட்டச் சொன்னால் ஏடு திரட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஒட்டத் தொடங்கிய பின்னர்தான் இரண்டு சங்கடங்கள் தெரிந்தன. விக்கியில் முதற் பக்கம் என்பது இல்லை. எங்கிருந்தும் நுழைந்து எங்கும் போகலாம். காகிதத்திலோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். ஆகவே, எது முன் எது பின் என்ற அடைவை நான் கற்பிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது சங்கடம் இன்னும் ஆழமானது. திரையில் கோடிட்டு நிற்கிற ஒரு சொல்லைத் தொட்டால் அது மற்றொரு குறிப்புக்கு அழைத்துச் செல்கிறது. காகிதத்தில் அந்தக் கோடு மட்டும் எஞ்சுகிறது. அது அழைத்துச் செல்லும் குறிப்பு அச்சுக்கு எடுக்கப்படாததாயின், அந்தச் சொல் வாசல் மட்டும் நின்று வீடு இடிந்துபோன மனையைப் போல நிற்கிறது.

இந்தச் சங்கடம் எனக்கு முந்தியவர்களுக்கும் நேர்ந்ததா என்று யோசித்தபோது, காவிரிக்கு அக்கரையில், எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததாகக் குருபரம்பரை சொல்லும் சம்பவம் நினைவுக்கு வந்தது. வைணவ ஆசாரியர் நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிவந்த காலம். ஆயிரத்தொரு நூற்றிரண்டு பாசுரங்களுக்கும் அவர் நாள்தோறும் சொல்லிய விசேஷார்த்தங்களைப் பகலிற் கேட்டு, இரவில் வீட்டுக்கு வந்து, ஒன்று விடாமல் ஓலையில் எழுதிவைத்தார் அவருடைய சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. எழுதுவது ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் ஆசாரியர் அவருடைய திருமாளிகைக்கு எழுந்தருளி, திருவாராதனம் செய்யும்பொழுது, அங்கே ஒரு சுவடிக் கட்டு கண்ணிற் பட்டது. பிரித்துப் பார்த்தால், தாம் சொன்னவை அனைத்தும் சொன்னபடியே அங்கே இருந்தன. “நம் அனுமதி இல்லாமல் இதை ஏன் எழுதினீர்?” என்று நம்பிள்ளை கேட்டார். திருவாய்மொழிக்கு இருபத்துநாலாயிரப்படி என்ற உரையை எழுதும்படி பெரியவாச்சான் பிள்ளை என்ற சீடருக்கு அவர் முன்பே நியமனம் கொடுத்திருந்தார். அதற்குப் போட்டியாகவோ என்ற ஐயமும் அந்தக் கேள்வியில் இருந்ததாகச் சொல்லுவார்கள். சீடர் சொன்ன விடை மிகச் சுருக்கமானது: தமக்கு மறந்துபோனால் பார்த்துக்கொள்வதற்காக எழுதிவைத்தது, வேறு பிரயோஜனம் கருதியதன்று. ஆசாரியர் சுவடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னர் அதை ஈயுண்ணி மாதவப் பெருமாள் என்ற சீடரிடம் ஒப்படைத்தார். அது அவருக்குப்பின் அவர் குமாரருக்கும், அவருக்குப்பின் நாலூர்ப் பிள்ளைக்கும் என்று ஒருவர் மாற்றி ஒருவராக ஓராண் வழியில் வந்து, திருவாய்மொழிப் பிள்ளையின் கை வழியாக மணவாள மாமுனிகளை அடைந்தது. 1370 முதல் 1443 வரை வாழ்ந்த அம்மகான், நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டுக் காலம் அதைக் காலட்சேபமாகச் சொன்னார். இன்று ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று உலகம் அறிந்திருப்பது அந்தச் சுவடிதான்.

இந்தக் கதையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஜெராக்ஸ் கடை வாசலில்தான் இதன் நடுவிலிருக்கிற கேள்வி என்னைத் தைத்தது. எழுதியதில் நம்பிள்ளை குற்றம் காணவில்லை. பிழையாக எழுதப்பட்டிருந்தது என்றும் சொல்லவில்லை. ‘அனுமதி’ என்ற சொல்லைத்தான் எடுத்தார். பரிக்ரஹம், அதாவது உடைமையாக்கிக்கொள்ளுதல், என்கிற விஷயத்தை வேதாந்திகள் வீடு, நிலம், பொன் என்ற அளவில் நிறுத்துவதில்லை. ‘நான் அறிந்தேன்’, ‘என் கருத்து’ என்று சொல்லுகிற மமகாரமும் பரிக்ரஹமே. கேட்டதைக் குறித்துவைத்தவன், நாளடைவில் குறிப்பைத் தன்னுடையதாக நினைக்கத் தொடங்குகிறான்; கேள்வியாக வந்தது உடைமையாகிவிடுகிறது. ஆசாரியரின் வினா அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காக எழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சீடர், எழுதியது தம்முடையது என்று சொல்லியிருந்தால் கதை வேறுவிதமாய் முடிந்திருக்கும். மறதிக்கு அஞ்சி எழுதினேன் என்றார். மறதிக்கு அஞ்சுகிறவன் தன்னிடம் வைப்பாக வந்த பொருளுக்குக் காவல் நிற்கிறான். அதனால்தான், சுவடியை ஆசாரியர் எடுத்துக்கொண்டு போனபோது அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றிருக்க வேண்டும். எதை வெளியிடுவது, யார் கையில், எப்போது என்ற தீர்மானங்களில் ஒன்றுகூட எழுதியவரிடம் இல்லை. என் நிலைமையோ இதற்கு நேர் மாறானது. கேட்டவனும் நான், எழுதியவனும் நான், பொறுக்கியவனும் நான்.

சம்பிரதாயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. திருவாய்மொழிக்கு வியாக்கியானம் எழுதியருள வேண்டும் என்று எம்பெருமானாராகிய இராமாநுசரை வேண்டிக்கொண்டபோது, தாம் எழுதினால் பாசுரத்தின் பொருள் இவ்வளவுதான் என்று பின்வருவோர் வரம்பு கட்டிவிடுவார்களே என்று அஞ்சி அவர் எழுதாதிருந்து, திருக்குருகைப் பிரான் பிள்ளானைக் கொண்டு ஆறாயிரப்படியை எழுதுவித்தார் என்பார்கள். அச்சில் ஏறிய ஒரு வரி எவ்வளவு பெரிய அதிகாரத்தோடு பேசத் தொடங்கிவிடுகிறது என்பதை, திரையில் நாள்தோறும் திருத்திக்கொண்டிருந்த என் வரிகளைத் தாளில் பார்த்தபோது நான் உணர்ந்தேன். திரையில் ‘இப்படி இருக்கலாம்’ என்ற தொனியில் இருந்த ஒரு வாக்கியம், தாளில் ‘இப்படித்தான்’ என்று சொல்லிற்று. எழுத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.

எம்பெருமானாரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு வியாக்கியானமாகிய சுருதப்பிரகாசிகையின் பிறப்பும் இத்தகையதே. காஞ்சியில் நடாதூர் அம்மாள் சொன்னவற்றைக் கேட்டு சுதர்சன சூரி எழுதியது அது. ‘கேட்டதை விளக்குவது’ என்று அதன் பெயரே சொல்லுகிறது. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியபோது, வேதாந்த தேசிகர் அந்தச் சுவடியையும் சுதர்சன சூரியின் இரண்டு குழந்தைகளையும் காப்பாற்றுவதற்காகப் பிணக்குவியலின் நடுவே கிடந்து, இருள் சூழ்ந்த பின் அவர்களைக் கொண்டு வெளியேறி, சத்தியகாலம் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. வகுப்பறைக் குறிப்பு என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்றுக்காக ஒரு மகான் பிணங்களோடு பிணமாகக் கிடந்தார்! இதை நினைக்கும்போதெல்லாம், ஒரு விரல் அசைவில் குறிப்புகளை அழிக்கிற என் வழக்கம் எனக்கு நடுக்கத்தைத் தருகிறது.

எதை விடுவது என்ற கேள்விக்குச் சைவர்கள் வேறொரு விடை வைத்திருக்கிறார்கள். தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாம். சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் நெஞ்சம் பதைத்து நின்றபோது, இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து ஏனையவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்று அசரீரி எழுந்ததாகத் திருமுறை கண்ட புராணம் சொல்லும். தொகுப்பவன் கறையானாக இருந்தாலும் தொகுப்பிப்பவன் இறைவன் என்று நம்புகிறவர்க்கு இழப்பில்லை. எனக்கு அந்த விடையின்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அதை என் வசதிக்கு எடுத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. என் கையால் விட்டதைக் கறையான்மேல் போடுவது எப்படி?

இந்த இடத்தில், பல காலமாக என்னோடு இருந்துவருகிற பிரெஞ்சு ஞானி ஒருவரையும் சொல்லியாக வேண்டும். 1662இல் முப்பத்தொன்பது வயதில் காலமான பாஸ்கல், தாம் எழுத நினைத்திருந்த சமய நூலுக்காகப் பெரிய தாள்களில் குறிப்புகள் எழுதி, அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, துளையிட்டு, நூலிற் கோத்துக் கட்டு கட்டாக வைத்திருந்தார். நம் நாட்டு ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துளையும் நூலும் அந்நியமாகத் தோன்றா. நண்பர்கள் அவற்றிலிருந்து தேர்ந்தும் திருத்தியும் ஒழுங்குபடுத்தியும் 1670இல் அச்சிட்டார்கள். ஆனால் அவர் எழுதியவற்றுள் மிகவும் அந்தரங்கமானது அந்தக் கட்டுகளில் இல்லை. 1654 நவம்பர் 23ஆம் நாள் இரவு தமக்கு நேர்ந்த தெய்வானுபவத்தைச் சில வரிகளில் எழுதி, அத்தாளைத் தம் சட்டையின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டு, புதிய சட்டைக்கு மாறும்போதெல்லாம் பிரித்து மீண்டும் தைத்து, எட்டாண்டுகள் மார்போடு சுமந்திருந்தார். அவர் மறைந்த பிறகு ஒரு பணியாளின் கைக்குத் தையல் தட்டுப்பட்டது. நண்பர்கள் வெளியிட்ட புத்தகத்தில் அது சேரவில்லை. அவர்கள் செய்தது சரியென்றே நெடுநாள் நினைத்திருந்தேன். சட்டைக்குள் தைக்கப்பட்டதைப் பிரித்துக் கடைத்தெருவில் வைக்கக் கூசியவர்கள் நல்ல நண்பர்கள்.

அந்த எண்ணத்தின் வழியிலேயே நானும் எனக்கொரு விதி செய்துகொண்டேன். ‘நான்’ வருகிற குறிப்பு எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது. கேட்ட பொருள் மாத்திரம் போகலாம். அகங்காரத்தை அகற்ற இதைவிட நேரான வழி ஏது என்று மனம் சமாதானம் சொல்லிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டவை எழுபதாகச் சுருங்கியது இப்படித்தான். பாட்டி போனாள், பள்ளிக்கூடம் போயிற்று, அம்மா மண்டபப் படித்துறையில் ஒரு விடியற்காலம் போயிற்று. பதப்பொருளும் விசேஷார்த்தமும் தங்கின. கடைப் பையன் சுருள்கம்பி கோத்து, மேலே கண்ணாடித் தாள் வைத்து, கையில் கொடுத்தபோது, எடை குறைவாக இருந்தாலும் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றாம் நம்பர் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தின்மேல் வண்டி ஏறியபோது, தற்செயலாகப் பிரித்த தாளில் இருந்தது, நம்பிள்ளை ஆவதற்கு முந்தைய நம்பூர் வரதராஜரைப் பற்றிய குறிப்பு. அவருடைய ஆசாரியர் நஞ்சீயர், தாம் இயற்றிய ஒன்பதினாயிரப்படி என்ற திருவாய்மொழி உரையை நல்ல கையெழுத்தில் பிரதி செய்து தரும்படி அவரிடம் கொடுத்தார். ஊருக்குக் கொண்டுபோய் எழுதலாம் என்று சுவடியைத் தலையிற் கட்டிக்கொண்டு அவர் காவிரியை நீந்திக் கடக்கும்போது வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆசாரியர் சொல்லக் கேட்டதை ஞாபகத்திலிருந்து முழுவதும் எழுதினார். சில இடங்களில் மேலும் விளக்கமாகவே அமைந்துவிட்டது. நடந்ததை அறிந்த நஞ்சீயர் அவரை அணைத்துக்கொண்டு, ‘நம் பிள்ளை’ என்றார், அதுவே பெயராயிற்று. கீழே மணல்திட்டுகளுக்கிடையே நீர் மெல்லிய கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றின் மேலே இருந்து அதைப் படித்தபோதுதான் என் விதியின் பிழை எனக்குத் தெரிந்தது.

இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது? பதப்பொருளா இது? விசேஷார்த்தமா? ஒரு மாணாக்கனுக்கு நேர்ந்த விபத்தும், அவனுக்கு உண்டான அச்சமும், ஆசாரியனின் அன்பும் அல்லவா? ஈட்டைப் படித்தவர்கள் அறிவார்கள்: அதன் உயிர் ஐதிஹ்யங்களில் இருக்கிறது. ஒரு பாசுரத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டே வருகையில், இந்த இடத்திலே பட்டர் இப்படி அருளிச்செய்தார், அப்போது நஞ்சீயர் இப்படிக் கேட்டார், அவர் கண்ணில் நீர் மல்கிற்று என்று திடீரென ஒரு ஜன்னல் திறக்கும். மனிதர்களின் குரல் கேட்கும். வடக்குத் திருவீதிப் பிள்ளை என்னைப்போல் விதி செய்துகொண்டு, சாஸ்திரார்த்தத்தை மாத்திரம் வைத்து மற்றதை நீக்கியிருந்தால், முப்பத்தாறாயிரத்தில் எத்தனை ஆயிரம் எஞ்சியிருக்கும்! அவர் அனைத்தையும் எழுதினார். தமக்காக எழுதியதனாலேயே, எது பெரிது எது சிறிது என்று நிறுத்துப் பார்க்கும் அவசியம் அவருக்கு இல்லாமற் போயிற்று. நானோ, அகங்காரத்தை விலக்குவதாக நினைத்துக்கொண்டு, இன்னது அற்பம் என்று தீர்ப்புச் சொல்லும் பெரிய அகங்காரத்தில் இறங்கியிருந்தேன். பாட்டியின் குறிப்பில் இருந்த ‘நான்’, அவள் மடியில் இருந்த ஒரு சிறுவன். அவனால் யாருக்கு என்ன கெடுதல்? நீக்கிய கையில் இருந்த ‘நான்’தான் கவனிக்கப்பட வேண்டியவன். பாஸ்கலின் நண்பர்கள் விஷயத்திலும் என் அபிப்பிராயம் அந்தப் பாலத்தில் தளர்ந்துபோயிற்று.

மாம்பழச் சாலையில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பேருந்து நிற்காத வேகத்தில் ராஜகோபுரம் எதிரே எழுந்துவிட்டது.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடியேன் சேவித்துவிட்டுக் கட்டைக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியைப் பிடித்து, அவசரமில்லாமல், வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் “இது நான் சொன்னது இல்லையே, நீயா யோசிச்சுது?” என்றார், ஆமென்றேன், “இருக்கட்டும்” என்று சொல்லி மேலே போனார். விளக்கு வைக்கிற நேரமாயிற்று. காவிரிச் சம்பவம் உள்ள தாளுக்கு வந்தபோது கண்ணாடி ஒரு சொல்லின்மேல் நின்றது. ‘ஞாபகம்’ என்ற அந்தச் சொல்லின் அடியில் கோடு இருந்தது.

“இதுக்குக் கீழே கோடு போட்டிருக்கியே, எதுக்கு?”

கணினியில் அதைத் தொட்டால் வேறொரு குறிப்புக்குப் போகும், அந்தக் குறிப்பை அச்சிடவில்லை என்று சொன்னேன்.

“என்ன குறிப்பு?”

சொல்லத் தயக்கமாக இருந்தது. எழுத்து அறியாத என் பாட்டி, நாள்தோறும் விடியுமுன் அம்மா மண்டபத்துக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், நீரில் இறங்கி நின்று ஒரு திருவாய்மொழிப் பாசுரத்தைச் சொல்லுவாள் என்றும், காதால் கேட்டே பாடம் பண்ணியதனால் அதில் ஒரு சொல்லை எப்பொழுதும் மாற்றியே சொல்லுவாள் என்றும், பிற்காலத்தில் புத்தகத்தைப் பார்த்துச் சரியான பாடத்தை நான் கற்றுக்கொண்டபோதிலும், அந்தப் பாசுரம் என் நினைவில் அவளுடைய சொல்லோடுதான் இன்றும் வருகிறது என்றும் சொன்னேன்.

பெரியவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். “எந்தப் பாசுரம்?” என்று கேட்டார், சொன்னேன். “பாட்டி எப்படிச் சொல்லுவா?”

பாட்டி சொல்லுகிறபடியே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாசுரத்தை முதலடியிலிருந்து தாமே சொல்லத் தொடங்கினார். அந்த இடம் வந்தது. பாட்டியின் சொல்லை வைத்தே சொல்லி முடித்தார்.